"இந்த மாத்திரை இதயத்தை நிறுத்திவிடுமா டாக்டர்?"

சென்ற இதழில் மருந்துக்கு மசியாத காசநோயைப் (எம்டிஆர் என்பது இதைத்தான்) பற்றி எழுதும்போது, பெடாகுயிலின் என்ற மாத்திரையைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை அடைத்துக்கொண்டன. பாதிப் பேர் அதை அமுதம் என்கிறார்கள், பாதிப் பேர் விஷம் என்கிறார்கள், ஒரு கடிதத்தில் ஒரே ஆள் இரண்டையும் சொல்லியிருக்கிறார். பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டேன்.

*கேள்வி: என் அண்ணனுக்கு எம்டிஆர் காசநோய். பெடாகுயிலின் தொடங்கப் போகிறார்களாம், ஒப்புதல் படிவத்தில் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளைப் படித்தேன். 'இதயத் துடிப்புக் கோளாறு', 'உயிரிழப்பு' என்றெல்லாம் இருக்கிறது. அண்ணனிடம் இன்னும் காட்டவில்லை. இந்த மாத்திரை இதயத்தை நிறுத்திவிடுமா டாக்டர்? கையெழுத்துப் போடலாமா?*

போடுங்கள். ஆனால் முதலில் அந்தத் தாளை அண்ணனிடம் காட்டுங்கள், மாத்திரையை விழுங்கப் போவது அவர்.

'உயிரிழப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது கையில் இருந்தவை சிறிய ஆய்வுகள். அவற்றில் முக்கியமானதில், பழைய மருந்துகளோடு பெடாகுயிலினும் சேர்த்து எடுத்தவர்கள் 79 பேர், பழைய மருந்துகளோடு மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் 81 பேர். முதல் கூட்டத்தில் 10 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 2 பேர். எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தபோது பொதுவான காரணம் எதுவும் சிக்கவில்லை. ஒருவர் சாலை விபத்தில் போனவர். பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்திப் பல மாதங்கள் கழித்து இறந்தவர்கள், அவர்களில் பலரைக் கொண்டுபோனது காசநோய்தான். அதே ஆய்வில் 24 வாரம் முடிந்தபோது பெடாகுயிலின் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சளியில் கிருமி வளரவில்லை, எடுக்காதவர்களில் அது 58 சதவீதம்தான்.

அதற்குப் பிறகு மருந்து பல்லாயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை சிகிச்சை பெற்ற 19,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பெடாகுயிலின் கிடைத்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இல்லை, வெகுவாகக் குறைவாக இருந்தது. பழைய பயத்தை நான் பெரும்பாலும் இறக்கி வைத்தது அப்போதுதான்.

இதய விஷயம் வேறு. அது நிஜம், ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன்னை மறுபடி சார்ஜ் செய்துகொண்டுதான் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இசிஜியில் இதைக் காட்டுவது கியூடி இடைவெளி. பெடாகுயிலின் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டும். ரொம்பவும் நீண்டால் துடிப்பு தாளம் தப்பி, மயக்கம் வரலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம். எவ்வளவு நீட்டும்? அண்ணனின் இசிஜி தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஓடிய தாளில் மிகச் சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லி விநாடி. அந்த முதல் ஆய்வில் சராசரியாக ஏறியது அதிகபட்சம் 15.7 மில்லி விநாடி, அரைக் கட்டம்கூட இல்லை. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே 6 மில்லி விநாடி ஏறியிருந்தது. துடிப்பின் வேகத்துக்கு ஏற்பக் கணக்குப் போட்டுத் திருத்திய பிறகும் மொத்த இடைவெளி 500 மில்லி விநாடியைத் தாண்டினால், அதாவது பன்னிரண்டரைக் கட்டம், நாங்கள் மருந்தை நிறுத்திவிட்டு என்ன காரணம் என்று தேடுவோம்.

பெரும்பாலும் காரணம் பெடாகுயிலின் மட்டுமாக இருக்காது. கூடவே கொடுக்கும் குளோஃபசிமினும் மாக்சிஃப்ளாக்சசினும் அதே இடைவெளியை நீட்டுகிறவைதான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். ஆகவே தொடங்குவதற்கு முன் ஒரு இசிஜி, இரண்டு வாரத்தில் ஒன்று, அப்புறம் உங்கள் டாக்டர் சொல்லும் நாட்களில். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், கல்லீரல் சோதனை, இவையும் உண்டு. கையெழுத்துப் போடும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "அடுத்த இசிஜி எந்தத் தேதி?" பதில் தேதியாக வந்தால் நிம்மதியாகப் போடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று வந்தால் தேதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அண்ணனுக்கே முன்பு காரணமில்லாமல் மயக்கம் வந்திருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

*கேள்வி: கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறேன் சார். மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் இது மட்டும் எப்படி ஜெயிக்கிறது?*

தம்பி, பூட்டையே மாற்றிவிட்டார்கள். பழைய மருந்துகள் கிருமியின் சுவரையோ, அது புரதம் செய்யும் இடத்தையோ, மரபணுவைப் படியெடுக்கும் இடத்தையோ தாக்குகின்றன. பெடாகுயிலின் தாக்குவது கிருமியின் மின்நிலையத்தை. செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருளைத் தயாரிக்கும் நொதியில் சுழலும் ஒரு பாகம் உண்டு, அதில் ஆப்பு சொருகியதுபோலப் போய் உட்கார்ந்துவிடும். நம் உடம்பு செல்களிலும் ஏடிபி தயாரிக்கும் நொதி இருக்கிறதே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. கிருமியின் நொதி இந்த மருந்துக்கு மடங்குவதுபோல நம்முடையது மடங்குவதில்லை, அதற்குப் பல்லாயிரம் மடங்கு அதிக அளவு தேவைப்படும்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வாளர் கோயன் ஆண்ட்ரீஸின் குழு இதை அறிவித்தது 2005-ல். தேடலைக் காசநோய்க் கிருமியில் தொடங்கவில்லை, அதன் சாதுவான உறவுக்காரனான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் தொடங்கினார்கள். அது வேகமாக வளரும், ஆளைக் கொல்லாது. இன்னொரு சுவாரசியம், இந்த மருந்து கொடுத்ததும் கிருமி உடனே சாவதில்லை. கையிருப்பில் உள்ள சக்தியை வைத்துச் சில நாள் ஓட்டும், அப்புறம்தான் விழும். ஆனால் பெருகாமல் தூங்கிக் கிடக்கும் கிருமியையும் இது விடுவதில்லை, தூங்குகிறவனுக்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டுமே. மற்ற பல மருந்துகள் கோட்டை விடும் இடம் அதுதான்.

*கேள்வி: ஆறு மாத சிகிச்சையில் மூன்றாவது மாதம் நடக்கிறது. இருமல் போய்விட்டது, எடை கூடிவிட்டது, சளியிலும் கிருமி இல்லை என்கிறார்கள். வீட்டில் எல்லோரும், "இவ்வளவு வீரியமான மருந்தை இன்னும் எதற்கு விழுங்குகிறாய், உடம்பு கெட்டுவிடும்" என்கிறார்கள். நிறுத்தினால் என்ன?*

அம்மா, இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் இந்த முறை வேறு தலைப்பை ஒதுக்கிவைத்தேன்.

நீங்கள் இன்று எல்லா மாத்திரைகளையும் நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடாகுயிலினோடு கூட வரும் மருந்துகளில் லினிசோலிட் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும். மாக்சிஃப்ளாக்சசினும் ப்ரிட்டோமனிட்டும் மூன்று நாலு நாளில் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். பெடாகுயிலின் மட்டும் போகாது. அது திசுக்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் ரகம். ரத்தத்தில் முதலில் கொஞ்சம் வேகமாக இறங்கும், அப்புறம் திசுக்களிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் ஐந்தரை மாதம் ஆகும். அது பாதியாக இன்னொரு ஐந்தரை மாதம்.

இப்போது உங்கள் நுரையீரலில் மிச்சம் இருக்கும் கிருமியின் இடத்திலிருந்து பாருங்கள். சளியில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கூட்டாக வந்து அடித்த நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் ஒருவரும் நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டே வருகிறார், ஆனால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறார். கொல்லப் போதாத, பழக்கிக்கொள்ளப் போதுமான மருந்து. கிருமிக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்பு போன்ற ஒன்று அதற்கு உண்டு. ஒரு சின்ன மரபணு மாற்றத்தில் அந்தப் பம்பு கட்டுப்பாடில்லாமல் ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஓட ஆரம்பித்தால் பெடாகுயிலினோடு குளோஃபசிமினும் சேர்ந்து கையைவிட்டுப் போய்விடலாம், ஒரே கல்லில் இரண்டு மருந்து. அப்புறம் நோய் திரும்பி வந்தால் உங்களிடம் மிஞ்சியிருப்பது குறைவு. உங்கள் இருமலிலிருந்து வீட்டில் யாருக்காவது தொற்றினால் அவர்களுக்கும் அதே நிலைதான், இன்று "நிறுத்து" என்று சொல்கிறவர்கள் உட்பட.

ஆகவே "வீரியமான மருந்து" என்று அவர்கள் சொல்வது சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு. அது உடம்பில் தங்குவதால்தான் தினம் விழுங்காமல் வாரம் மூன்று நாள் விழுங்கினாலும் வேலை செய்கிறது, அது உடம்பில் தங்குவதால்தான் பாதியில் விட முடியாது. பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம், டாக்டரோடு, எதை எதற்குப் பிறகு நிறுத்துவது என்று திட்டம் போட்டு. வீட்டார் ஓட்டெடுப்பில் வேண்டாம்.

*கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்? வெறும் வயிற்றில் போடலாமா?*

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பு இழுத்துக்கொள்ளும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வழக்கமான முறையில் முதல் இரண்டு வாரம் தினம் 400 மில்லி கிராம், அப்புறம் 22 வாரம் வாரத்தில் மூன்று நாள் 200 மில்லி கிராம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாள் மறந்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டையாகப் போட வேண்டாம். மூன்றாம் வாரத்துக்கு மேல் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டுப் பழைய அட்டவணைக்கே திரும்புங்கள், ஆனால் இரண்டு வேளைக்கு நடுவில் ஒரு முழு நாளாவது இருக்கட்டும். தினமும் எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு, உங்களுக்கு எது என்று சிகிச்சை அட்டையில் எழுதியிருக்கும்.

என் நோயாளி ஒருவர் நாட்காட்டியில் திங்கள், புதன், வெள்ளியை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, விழுங்கியதும் வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு போடுவார். ஒரு வியாழக்கிழமை வந்தார், முந்தின நாள் வட்டம் வெறுமையாக இருந்தது. "நேற்று மறந்துட்டேன் டாக்டர், இன்னைக்கும் நாளைக்குமா ரெண்டு ரெண்டா சேர்த்துப் போட்டுடவா?" என்றார். நல்லவேளை, கேட்டார்.

*கேள்வி: பெடாகுயிலின் தொடங்கி இரண்டு மாதத்தில் பாதம் எரிகிறது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்கவில்லை. இந்த மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடரலாமா?*

நீங்கள் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் நிரபராதி. பாத எரிச்சல், மரத்துப்போதல், சோகை, கண் பார்வை மங்குவது, இவை கூட வரும் லினிசோலிட்டின் கைவரிசை. பெடாகுயிலின், ப்ரிட்டோமனிட், லினிசோலிட் மூன்றையும் சேர்த்துச் சோதித்த முதல் பெரிய ஆய்வில் 109 பேர் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நோய் சரியானது, அதுவும் மிகக் கடினமான வகைக் காசநோய். ஆனால் தினம் 1200 மில்லி கிராம் லினிசோலிட் கொடுத்ததில் 81 சதவீதம் பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது. அடுத்த ஆய்வில் அளவை 600 ஆக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது, நரம்புக் கோளாறோ 24 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று பெரும்பாலும் 600-ல்தான் தொடங்குகிறோம், தேவைப்பட்டால் 300 ஆக இறக்கவும் இடமுண்டு.

அதனால் வரும் மாதத்துக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். நரம்புக் கோளாறு முற்றினால் மீள வெகு காலம் ஆகும், சிலருக்கு முழுதாக மீளாது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தாலோ நிறங்கள் வெளுத்ததுபோல இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில வகை மாத்திரைகளுக்கும் லினிசோலிட்டுக்கும் ஒத்துவராது. தானாக ஒன்றை மட்டும் நிறுத்துவது இருப்பதிலேயே மோசமான யோசனை, கூட்டை உடைத்தால் என்ன ஆகும் என்று மேலே அந்த அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன்.

*கேள்வி: குமட்டலுக்கு வீட்டில் இருந்த வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். தப்பா?*

எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! ஆண்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் கியூடி இடைவெளியை நீட்டுபவை. தொண்டை வலிக்கு எடுக்கும் அசித்ரோமைசினும் அப்படியே. ஃபங்கஸுக்கு விழுங்கும் சில மாத்திரைகள் பெடாகுயிலின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். சாதாரணக் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக அதைப் பாதியாக அடித்துவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. எச்ஐவிக்கு எடுக்கும் எஃபாவிரன்ஸுக்கும் அதே குணம், ஆனால் அதை மாற்றிக்கொள்ளலாம். மது? கல்லீரல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த ஆறு மாதம் அதை விட்டுவிடுங்கள். குமட்டல் சகஜம், டாக்டரிடம் சொன்னால் இதயத்தைத் தொடாத மாத்திரை தருவார்.

*கேள்வி: தோல் கறுத்துவிட்டது. பெடாகுயிலினா?*

இல்லை, குளோஃபசிமின். நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத் தெளியும். வெயிலைத் தவிருங்கள்.

*கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது எடுக்கலாமா? தாய்ப்பால்?*

பெடாகுயிலினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், குழந்தை எடை கொஞ்சம் குறைவாகப் பிறந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆனால் சிகிச்சை இல்லாத காசநோய் தாய்க்கும் குழந்தைக்கும் அதைவிடக் கெடுதல், அதனால் இரண்டையும் தராசில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கர்ப்பத்தில் தவிர்ப்பது ப்ரிட்டோமனிட்டை. அதற்குப் பதில் டெலமனிட் சேர்ந்த வேறொரு ஆறு மாத முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது ஏற்றிருக்கிறது. பெடாகுயிலின் தாய்ப்பாலில் நன்றாகவே சேரும், அதனால் பால் கொடுப்பதைக் குழந்தை மருத்துவரையும் சேர்த்து உட்கார்ந்து பேசுங்கள்.

*கேள்வி: 2011-ல் எனக்கு இதே நோய். எட்டு மாதம் கானமைசின் ஊசி, இரண்டு வருடம் மாத்திரை. நோய் போனது, காதும் போனது. இப்போது ஊசியே வேண்டாம், ஆறு மாதம் போதும் என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை?*

கடிதத்தைப் பலமுறை படித்தேன். அன்று இந்த மருந்து சந்தைக்கு வரவில்லை, அதுதான் நேரடியான பதில். 2012 கடைசியில் அனுமதி கிடைத்த பிறகும், இறப்புக் கணக்கைப் பார்த்த பயத்தில், வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் என்று பல வருடம் பூட்டி வைத்தோம். 2018-ல்தான் உலக சுகாதார நிறுவனம் பெடாகுயிலினை முதல் வரிசைக்குக் கொண்டுவந்து, கானமைசினை வேண்டாம் என்றது. ஆறு மாத முறை 2022-ல் வந்தது. இடைப்பட்ட வருடங்களில் ஊசியை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவி பல இடங்களில் இல்லை, நோயாளி திரும்பிப் பார்க்காதபோதுதான் எங்களுக்குத் தெரியும். மாத்திரையின் ஆபத்தைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம், ஊசியின் ஆபத்து பழகிப்போனதால் அதை ஆபத்தாகவே எண்ணவில்லை. உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வேறு அழகான வார்த்தை இல்லை.

காதுக் கருவி பலன் தராதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் கருவி உண்டு. இதுவரை யாரும் சொல்லவில்லை என்றால் ஒரு காது மருத்துவரிடம் கேளுங்கள்.

*கேள்வி: சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மலேரியாவுக்கு வேறு டாக்டரிடம் போகிறேன். பழைய கதையைச் சொல்ல வேண்டுமா?*

அவசியம் சொல்லுங்கள். மலேரியா மருந்துகளில் சில கியூடியை நீட்டும், உங்கள் உடம்பில் பெடாகுயிலின் இன்னும் இருக்கிறது. பழைய அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒரு இசிஜி எடுத்துவிட்டு மருந்து தருவார். அப்படியே அடுத்த சளிப் பரிசோதனை எப்போது என்றும் அட்டையில் பாருங்கள். குணம் என்று எழுதிய பிறகும் ஒரு வருடமாவது பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.